ஒரே தொடக்கம், வேறுபட்ட பாதைகள்: ‘பாய்ஸ்’ திரைப்பட இளம் நடிகர்கள் – ஓர் ஒப்பீடு

முன்னுரை

விடலைப் பருவக் கதைகளில் அறிமுகமாகும் நடிகர்கள் அப்பருவம் கடந்தபின் எவ்வாறு நிலைபெறுகின்றனர் என்பது திரையாய்வில் கருதத்தக்க வினாவாகும். ஷங்கர் இயக்கிய ‘பாய்ஸ்’ (2003) இதற்குத் தக்க சான்று. சித்தார்த், பரத், நகுல், தமன், மணிகண்டன், ஜெனிலியா ஆகிய அறுவரும் ஒரே படத்தின்வழித் தமிழ்ப் பார்வையாளரிடையே பரவலாக அறிமுகமாயினர். எனவே, பின்னைய வேறுபாடுகளுக்கு அறிமுக வாய்ப்பைக் காரணமாகக் காட்ட இயலாது.

மூவகைப் பாதைகள்

முதலாவது, மொழி மாற்றம். சித்தார்த்தும் ஜெனிலியாவும் தெலுங்கில் ‘பொம்மரில்லு’ (2006) படத்தால் நிலைபெற்றனர். அதன் தமிழாக்கமான ‘சந்தோஷ் சுப்பிரமணியம்’ (2008) ஜெனிலியாவை மீண்டும் தமிழுக்குக் கொணர்ந்தது.

இரண்டாவது, பிம்ப மாற்றம். நகரத்து இளைஞராக அறியப்பட்ட பரத், பாலாஜி சக்திவேலின் ‘காதல்’ (2004) படத்தில் மதுரையின் இருசக்கர வாகனப் பழுதுநீக்குநராக நடித்து முற்றிலும் வேறுபட்டார். நகுல் ‘காதலில் விழுந்தேன்’ (2008) படத்தில் தனி நாயகரானார்.

மூன்றாவது, துறை மாற்றம். தாளக் கலைஞரான தமன் இசையமைப்பாளராகி, ‘அல வைகுண்டபுரமுலோ’ (2020) படப் பாடல்களுக்குத் தேசிய விருது பெற்றார்.

மணிகண்டன் ஏனையோர் அளவு அறியப்படவில்லை. இதனைத் திறமைக் குறைவாகக் கொள்வதற்கில்லை. முதற்பட பிம்பத்தை மாற்றும் அடுத்த படம் அமைவது நடிகரின் விருப்பத்தை மட்டும் சார்ந்ததன்று.

முடிவுரை

பெரும் இயக்குநரின் அறிமுகம் வாயிலைத் திறக்கிறதேயன்றி வாழ்வை உறுதிசெய்வதில்லை. விடலைப் பிம்பத்திலிருந்து விலகும் வழி கிடைத்தோரே நிலைத்தனர் என்பது இவ்வொப்பீட்டால் புலனாகிறது.