மனக்கவலையா? வீட்டிலேயே தொடங்கலாம்!

காய்ச்சல் வந்தால் பக்கத்து வீட்டாரிடம் சொல்கிறோம். அவர்களும் கஷாயம் வைத்துத் தருகிறார்கள். மனம் சோர்ந்து போனால் மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம். வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வராது என்ற பயம்!

பெங்களூர்த் தமிழர் வீடுகளில் இப்படி மறைக்கப்படுவது பெரும்பாலும் முதியவர்களின் துயரம். வேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் திண்ணையில் உட்கார்ந்து ஊரையே விசாரித்துக்கொண்டிருந்த பாட்டி, மகனோடு வந்து நாலாவது மாடியில் குடியேறுகிறார். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். எதிர் வீட்டிலோ கன்னடம். பகலெல்லாம் தூக்கம், இரவெல்லாம் விழிப்பு. சாப்பாடும் குறைகிறது. “வயசாயிடுச்சு, அப்படித்தான்” என்று விட்டுவிடுகிறோம். அது மனச்சோர்வாக இருக்கலாம்.

வெயிலும் வேலையும்

முதலில் தூக்கத்தைச் சரி செய்யுங்கள். இரவு எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுப்பிவிடுங்கள். காலை வெளிச்சம் கண்ணில் படட்டும். உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தைச் சரிப்படுத்துவது அதுதான். அல்சூர் ஏரிக்கரை பக்கமாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மொட்டை மாடி போதும். பகல் தூக்கம் அரை மணியோடு நிற்கட்டும். மாலை நாலு மணிக்கு மேல் காபி வேண்டாம். (நம் வீடுகளில் இதுதான் கடினம்!)

அடுத்தது வேலை. “நீங்க சும்மா இருங்க அத்தை” என்பது நமக்கு மரியாதை. கேட்பவர் காதிலோ “நீங்கள் தேவையில்லை” என்று விழும். கீரை ஆயட்டும், பூ கட்டட்டும், பேரனுக்குத் தமிழ் எழுத்து சொல்லித் தரட்டும். மனம் தெளிந்தபின் வேலை என்று காத்திருக்க வேண்டாம். வேலையைத் தொடங்கினால் மனம் பின்னால் வரும்.

புலம்பினால் புத்திமதி சொல்லாதீர்கள். பத்து நிமிடம் டி.வி.யை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

குடும்பமே துணை

1950-களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினர்களையும் வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். பூட்டி வைப்பதே வைத்தியம் என்றிருந்த காலம் அது! கவனிக்கும் முறையைக் குடும்பத்தார் பக்கத்திலிருந்தே கற்றுக்கொண்டார்கள்.

நம் ஊர் நிம்ஹான்ஸிலும் குடும்பங்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. பழைய மனநோய் மருத்துவமனையும் அகில இந்திய மனநல நிலையமும் 1974-ல் இணைந்து உருவான இந்த நிலையம், ஓசூர் சாலையில்தான் இருக்கிறது. அதன் வாசலை மிதிக்கக் கூச்சம் எதற்கு?

வீட்டு முறைகளுக்கும் எல்லை உண்டு. சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் போங்கள். தைராய்டு குறைவும் இதே போலச் சோர்வு தரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மாத்திரை கொடுத்தால், “நல்லாயிட்டேன்” என்று பாட்டி தானாக நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது மருமகள் வேலை மட்டுமல்ல, மகனே!

“இருந்து என்ன பயன்?” என்று யாராவது சொன்னால் அலட்சியம் வேண்டாம். “சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பாரம் குறையும். “ஆம்” என்றால் தனியே விடாமல், உடனே உதவி தேடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416. கட்டணம் இல்லை. நடு ராத்திரியிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.