கறிவேப்பிலைக் கன்று நடலாமா?

தாளிக்க ஆச்சி கேட்டதும் ஓடிப்போய்ப் பறித்து வருவீர்களே, கறிவேப்பிலை... அதில் ஒரு இணுக்கை மண்ணில் ஊன்றிப் பார்த்திருக்கிறீர்களா? முளைக்காது. முருங்கைக் கொம்பை ஊன்றினால் துளிர்க்கிறதே, இது மட்டும் ஏன் துளிர்ப்பதில்லை?

முருங்கைக் கொம்பு ஒரு கிளை. அதில் மொட்டுகள் உண்டு. கறிவேப்பிலை இணுக்கு கிளையே அல்ல. நடுவில் உள்ள ஈர்க்கும் இருபுறமும் உள்ள சிற்றிலைகளும் சேர்ந்து மொத்தமும் ஒரே இலைதான்!

அப்படியென்றால் கன்றுக்கு எங்கே போவது? தச்சநல்லூர்ப் பக்கத்துப் புறவாசல்களில், அங்கணத் தண்ணீர் பாயும் இடத்தில் நிற்கும் கறிவேப்பிலை மரத்தைச் சுற்றிப் பாருங்கள். குட்டிக் குட்டியாகக் கன்றுகள் நிற்கும். சில, விழுந்த பழத்திலிருந்து முளைத்தவை. மற்றவை தாய் மரத்தின் வேரிலிருந்தே கிளம்பிய வேர்க்கன்றுகள்.

இந்த வேர்க்கன்றைத்தான் பலர் அவசரப்பட்டுப் பிடுங்கிச் சாகடிக்கிறார்கள். பார்க்கத் தனிச் செடி போல இருந்தாலும், மண்ணுக்குள் அது அம்மாவின் வேரில்தான் தண்ணீர் குடிக்கிறது. ஆகவே ஐப்பசி மழை தொடங்கியதும், தாய் மரம் இருக்கும் பக்கமாக, கன்றிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை நேராக இறக்கி இணைப்பு வேரை வெட்ட வேண்டும். (வெட்டும் வேலை பெரியவர்களுக்கு!) வெட்டியதும் கன்றை எடுத்துவிடாதீர்கள். பாதி இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு மாதம் அங்கேயே நிற்கட்டும். புதுத் தளிர் விட்டு வாடாமல் நின்றால், சொந்த வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். பிறகு ஒரு மாலை நேரத்தில் மண்கட்டி உடையாமல் பெயர்த்து நடுங்கள். முதல் சில நாட்கள் நிழல் தேவை.

வீட்டில் மரமே இல்லையா? அடுத்த வீட்டு மரத்தில் கறுத்துப் பழுத்த பழங்களைக் கேட்டு வாங்குங்கள். தோலையும் சதையையும் கழுவி, விதையை உடனே விதையுங்கள். காயவைத்து எடுத்துவைத்தால் முளைப்புத்திறன் போய்விடும். முளைக்கச் சுமார் 3 வாரம் ஆகும். விதையை வாயில் மட்டும் போடாதீர்கள்!

இந்தச் செடியின் தாவரவியல் பெயரில் 'கோனிகி' என்று வரும். 1768-ல் தரங்கம்பாடிக்கு வந்து நம் நாட்டுச் செடிகளை ஆராய்ந்த கோனிக் என்பவரின் நினைவாக வைத்தது.

கன்றின் இலையில் காக்கை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால் உற்றுப் பாருங்கள். அது பட்டாம்பூச்சிப் புழுவாக இருக்கலாம். எலுமிச்சையும் கறிவேப்பிலையும் ஒரே குடும்பம் என்பது அதற்கு நன்றாகத் தெரியும், இரண்டையும் தின்னும்! சின்னக் கன்று என்றால் புழுவைக் குச்சியால் எடுத்து, பெரிய மரத்தில் விட்டுவிடுங்கள்.

ஒரு வருடம் வரை ஆச்சியே கேட்டாலும் இலை பறிக்க விடாதீர்கள். அதன் பிறகு நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளைகள் வெடித்துச் செடி புதராக அடர்ந்து வரும்.