தையல் இருக்கட்டும், முதல்ல புழுக்கையை எண்ணுங்க

வீட்டுல பெண் முயல் வளர்க்கிறீங்க. அதுக்குக் கருத்தடை ஆபரேஷன், அதாங்க ‘ஸ்பே’, முடிச்சு வீட்டுக்குக் கொண்டு வந்தாச்சு. முதல்ல எதைப் பார்ப்பீங்க? வயித்துத் தையலைத்தானே? நானும் அதைத்தான் செல்போன் டார்ச் அடிச்சு அடிச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தேன். தையல் சூப்பரா இருந்துச்சு. ஆனா எங்க பஞ்சு ராத்திரி பத்து மணி வரைக்கும் ஒரு புல்லைக்கூடத் தொடல. கூண்டுல ஒரு புழுக்கைகூட இல்ல. பயப்பட வேண்டிய விஷயம் அதுதான்னு எனக்கு அப்பத் தெரியாது.

நாய், பூனை, நாம எல்லாம் பேட்ச் ப்ராசஸ். ஒரு வேளை சாப்பிடலைன்னா பெருசா ஒண்ணும் ஆகாது. முயல் அப்படி இல்ல, கன்டினியூயஸ் ப்ராசஸ். நாள் முழுக்க நார்ச்சத்து உள்ளே போய்க்கிட்டே இருக்கணும், புழுக்கை வெளியே வந்துக்கிட்டே இருக்கணும். மயக்க மருந்து, வலி, பயம் மூணும் சேர்ந்தா குடல் ஓட்டம் மந்தமாகும். உள்ளே இருக்கிறது காய்ஞ்சு இறுகும், கேஸ் சேரும். கேஸ் சேர்ந்தா வலி, வலிச்சா சாப்பிடாது, சாப்பிடலைன்னா இன்னும் மந்தம். பாசிட்டிவ் ஃபீட்பேக் லூப்னு பரிட்சையில எழுதுறோமே, அதேதான். டாக்டர்கள் இதை ஜி.ஐ. ஸ்டேசிஸ்னு சொல்வாங்க. ஒரு நாள், ரெண்டு நாள்லயே உயிரை எடுத்துடும்.

அதனால ஆபரேஷனுக்கு முன்னாடி நாள் ராத்திரி முயலைப் பட்டினி போடவும் கூடாது. முயலுக்கு வாந்தி எடுக்க வராது, அதனால நாய்க்குச் சொல்ற அந்த ரூல் இதுக்குத் தேவையே இல்ல. நாங்க முதல்ல போன கிளினிக்ல “நைட்டு சாப்பாடு கட்”னு சொன்னாங்க. அப்படிச் சொன்னா அவங்களுக்கு முயல் கேஸ் அவ்வளவா பழக்கமில்லைன்னு புரிஞ்சுக்கிட்டு வேற இடம் பாருங்க. சென்னைக்காரங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு.

சரி, முதல் ராத்திரி. மயக்கம் தெளியுற முயலுக்கு உடம்பு சூடு குறையும். அதோட நார்மலே நம்மளைவிட அதிகம், சுமாரா 101-லருந்து 103 டிகிரி ஃபாரன்ஹீட். காது ஜில்லுனு இருந்தா வெந்நீர் பாட்டிலைத் துண்டுல சுத்திக் கூண்டோட ஒரு பக்கத்துல வைங்க. சூடு வேணாம்னா அது தள்ளிப் போக இன்னொரு பக்கம் இடம் விடுங்க. ஃபேனை நேரா அது மேல திருப்பாதீங்க. கூண்டுக்குள்ள மரத்தூள் வேண்டாம், காயத்துல ஒட்டும். பழைய துண்டு போதும்.

சாப்பாட்டுக்குக் காய்ஞ்ச புல்தான் முதல்ல. திமோதி கிடைக்கலைன்னா கொழுக்கட்டைப் புல், நல்லா கழுவின அருகம்புல் எல்லாம் ஓகே. வாசனைக்குக் கொத்தமல்லி, புதினா வைங்க. பஞ்சு கடைசியில வாயைத் திறந்தது அம்மா நீட்டின கொத்தமல்லிக்குத்தான். நான் ரெண்டு மணி நேரம் கெஞ்சினது வேஸ்ட். கேரட், பழம்னு செல்லம் கொடுக்காதீங்க, அந்தச் சர்க்கரை குடலை இன்னும் கெடுக்கும்.

ஒண்ணுமே சாப்பிடலைன்னா டாக்டருக்கு போன் பண்ணிக் கேட்டுட்டு, பெல்லட்டை வெந்நீர்ல ஊறவெச்சுக் கூழாக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சுல கொடுக்கலாம். முன்பல்லுக்குப் பின்னாடி பக்கவாட்டுல ஒரு இடைவெளி இருக்கும், சிரிஞ்சை அங்க வைங்க. ஒரு தடவைக்கு 1 மில்லி, அது மென்னு முழுங்கின பிறகு அடுத்தது. மல்லாக்கப் போட்டு ஊட்டாதீங்க, நுரையீரலுக்குள்ள போயிடும். வயிறு மத்தளம் மாதிரி விம்மி இருந்தா ஊட்டவே கூடாது, உடனே ஆட்டோ பிடிங்க. சாப்பாடும் புழுக்கையும் இல்லாம 12 மணி நேரம் ஆனாலும் அதே ஆட்டோதான். காலையில பார்த்துக்கலாம்னு விடாதீங்க.

இதுக்கெல்லாம் அடிப்படை வலி மருந்து. பெரும்பாலும் மெலாக்சிகாம் சிரப் எழுதுவாங்க. கிலோவுக்கு இத்தனைன்னு பார்த்தா நாயைவிட முயலுக்கு டோஸ் அதிகம், அதனால ஃப்ரெண்டோட நாய்க்குக் கொடுத்த அளவைக் காப்பி அடிக்காதீங்க. ரெண்டாம் நாள் துள்ளுதுன்னு மருந்தை நிறுத்தவும் வேண்டாம். முயல் இரை மிருகம், வலியை மறைக்கிறதுதான் அதோட பிழைப்பே. பல்லை நறநறன்னு கடிக்கிறது, கண்ணைப் பாதி மூடிக் கூனி உட்கார்றது, வயித்தைத் தரையில அழுத்துறது, இதெல்லாம்தான் அது சொல்ற “வலிக்குது”.

இன்னொண்ணு: வீட்டுல மிச்சம் இருக்கிற அமாக்சிசிலினைக் கொடுத்துடாதீங்க. வாய் வழியா போனா முயல் குடல்ல இருக்கிற நல்ல பாக்டீரியாவை அழிச்சு ஆளையே கொன்னுடும்.

தையலை ஒரு நாளைக்கு ரெண்டு தடவை பார்த்தா போதும். லேசான வீக்கம் பரவாயில்ல. சீழ், நாத்தம், ரத்தம், தையல் பிரிஞ்சிருக்கிறது, இதுல எது இருந்தாலும் டாக்டர்கிட்ட போங்க. கழுத்துல கூம்பு மாட்டுறதுல ஒரு சிக்கல் இருக்கு. முயல் தன்னோட மெத்துனு இருக்கிற ஒரு வகைப் புழுக்கையை ஆசனவாயிலருந்தே எடுத்துத் திங்கும், அதுல சத்து இருக்கு. கூம்பு போட்டா அது முடியாது. தையலைக் கடிச்சாத்தான் கூம்பு, அதுவும் டாக்டர் சொன்னா.

“இவ்வளவு ரிஸ்க் எடுத்து ஆபரேஷன் எதுக்குடா?”ன்னு ரூம்மேட் கேட்டான். கருத்தடை பண்ணாத பெண் முயலுக்கு வயசாக ஆகக் கருப்பைப் புற்றுநோய் வர்ற வாய்ப்பு ரொம்ப அதிகம். ஆண் முயலும் கூட இருந்தா, சுமாரா 31 நாளுக்கு ஒரு பிரசவம். அவன் அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல.

ஜோடி முயல் இருந்தா பத்து, பதினாலு நாள் பிரிச்சு வைங்க. மேல ஏறினா தையல் போச்சு. ஆனா கூண்டுகளைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு, துண்டுகளை மாத்தி மாத்திப் போடுங்க. ஆஸ்பத்திரி வாசனையோட வந்தவளை அது அடையாளம் தெரியாம அடிக்கக்கூடும். எங்க வீட்டு முயல் பஞ்சுவோட துண்டு மேல படுத்துத் தூங்கிடுச்சு. பஞ்சு ராத்திரி ஒன்றரை மணிக்குப் போட்ட முதல் புழுக்கையை நான் போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டேன். பெரியப்பா தம்ஸ் அப் அனுப்பினாரு.