சிறு வணிக நிலையத்திற்கு ஒரு சர்வர்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் நடந்து சென்ற அன்பர்கள், அங்கே மிளகும் சுக்கும் மணப்பதை மறந்திருக்க மாட்டார்கள். யூதத் தெருவில் 1957-இல் மிளகுக்கு முன்பேர வணிகம் தொடங்கியபோது, தரகர்கள் எதிரெதிரே நின்று உரத்த குரலில் விலை கூறி வந்தனர். பின்னர் அக்குரல்கள் அடங்கி, வணிகம் கணிப்பொறித் திரைக்கு மாறிற்று. கணக்குப்பிள்ளையின் பேரேடும் அவ்வாறே கணிப்பொறிக்குள் புகுந்துகொண்டது.

பேரேடு நனைந்தால் வெயிலில் உலர்த்திக்கொள்ளலாம். ஹார்டு டிஸ்க் பழுதுற்றால் அவ்வாறு இயலாது. ஜி.எஸ்.டி. சட்டமோ, ஆண்டறிக்கை செலுத்தவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காத்து வைக்குமாறு பணிக்கிறது. ஆகவே, நான்கைந்து பேர் பணிபுரியும் ஒரு நிலையத்தில், எல்லாக் கணக்குகளையும் ஓரிடத்தில் வைத்துக் காக்கும் சர்வரை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பதை இங்கே காண்போம். கொச்சிக்குச் சொல்வன மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும் கடை வைத்திருக்கும் தமிழருக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

பலர் முதலில் பொறியை வாங்கிவிட்டுப் பிறகு மென்பொருளைத் தேடுகின்றனர். செருப்புக்காகக் காலைத் தறிப்பது போன்றது இது. உங்கள் கணக்கெழுதும் மென்பொருள் எதன் மீது ஓடும் என்பதே முதற் கேள்வி. டாலியைப் பயன்படுத்துவோர்க்கு விண்டோஸ் வேண்டும். அதற்காக விண்டோஸ் சர்வர் பதிப்பையே வாங்கவேண்டும் என்பதில்லை. விண்டோஸ் 11 ப்ரோ உள்ள கணிப்பொறியோடு 20 கருவிகள் வரை இணைந்து கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உரிமம் இடந்தருகிறது. ஐந்து பேருக்கு அது தாராளம். சர்வர் பதிப்பின் ஸ்டாண்டர்டு வகையிலோ, பயனர் ஒவ்வொருவருக்கும் தனி உரிமக் கட்டணம் சேரும்.

கடிதங்கள், விலைச்சீட்டுகள், கப்பல் ஆவணங்கள் ஆகியவற்றைச் சேமித்து வைக்க மட்டுமானால் லினக்ஸ் போதும். சாம்பா என்னும் மென்பொருள் விண்டோஸ் கணிப்பொறிகளுக்கும் அக்கோப்புகளை வழங்கிவிடும். கேரளத்தில் இதற்கு ஒரு வசதி உண்டு. 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின் வழியாக இம்மாநிலப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸிலேயே கணிப்பொறி பயின்று வருகின்றனர். உதவிக்கு ஆள் கிடைப்பது அரிதன்று. ஆயினும், விலையில்லாதது என்பதனால் மட்டும் ஒன்றை நம்பிவிடலாகாது. சென்ட் ஓ.எஸ். 8-க்கு 2029 வரை ஆதரவு உண்டென்று எண்ணியிருந்தவர்கள், அது 2021 இறுதியோடு நின்றுவிடுமென 2020 டிசம்பரில் அறிந்து திகைத்தனர். டெபியனும், உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பும் ஏறக்குறைய ஐந்தாண்டு ஆதரவு பெறுகின்றன.

எதை எடுத்தாலும் திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றவேண்டும். 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, வயநாட்டிலும் பத்தனம்திட்டையிலும் பஞ்சாயத்து அலுவலகக் கணிப்பொறிகள் சிக்கின. அதனைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது!

இனிப் பொறி. இங்கே ஆடம்பரம் வேண்டா. பிழை திருத்தும் ஈ.சி.சி. நினைவகம் உள்ள எளிய சர்வர் ஒன்றும், ஒன்றில் எழுதுவதை மற்றொன்றிலும் எழுதும் இரட்டை டிஸ்க்குகளும் போதும். ஆனால் இரட்டை டிஸ்க்கைக் காப்புப் பிரதியென மயங்குவது பெரும் பிழை. தவறுதலாக அழித்த கோப்பு, இரண்டிலும் ஒரே நொடியில் அழிந்துபோகும்.

மட்டாஞ்சேரியின் பழைய பண்டகசாலைகளில் வேறு பகைகளும் உள. சுக்குத் தூளும் மஞ்சள் தூளும் பொறியின் விசிறியில் அடைகின்றன. காயற் காற்றின் உப்பும் ஈரமும் செம்பு இணைப்புகளை அரிக்கின்றன. சர்வரை மேல்மாடியில், சரக்கு இல்லாத அறையில் வையுங்கள், தரையில் வையாதீர்கள். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் நெடும்பாசேரி விமான நிலையமே இரு வாரங்கள் மூடிக்கிடந்ததை நாம் கண்டோம். துலா மாதத்து இடி மின்னலோ மின்கம்பி வழியாகவும் தொலைபேசிச் செம்புக் கம்பி வழியாகவும் உள்ளே வரும். ஒளியிழை இணைப்பில் அந்த இரண்டாம் வழி அடைபடுகிறது. முதல் வழிக்கு நல்ல நில இணைப்பு வேண்டும். மின்சாரம் நின்றதும் சர்வருக்கு அறிவித்து, அதனை முறைப்படி அணையச் செய்யும் யு.பி.எஸ். ஒன்றும் வேண்டும்.

காப்புப் பிரதி மூன்றிடத்தில் இருக்கட்டும்: சர்வரில் ஒன்று, கழற்றி வைக்கும் டிஸ்க்கில் ஒன்று, வேற்றூரில் ஒன்று. திருநெல்வேலியில் தம்பி வீடு இருந்தால் அங்கேயும் வைக்கலாம். கடவுச்சொல்லால் பூட்டி அனுப்புக. பதிவு பெற்ற கம்பெனியாயின், 2022-ஆம் ஆண்டுத் திருத்த விதிப்படி, இந்தியாவிலுள்ள சர்வரில் நாள்தோறும் கணக்குப் பிரதி எடுத்தாக வேண்டும். மாதம் ஒருமுறை, பழைய விலைச்சீட்டு ஒன்றைப் பிரதியிலிருந்து எடுத்துத் திறந்து பாருங்கள். அந்த வேலை யாருடையது என்று பெயர் எழுதிப் பொறியின் மேலேயே ஒட்டிவைத்தல் நன்று.