கொடுங்கோலன் வீழ்ந்த பிறகு

எண்ணிட்ட ஊர் எம்மைப் போன்ற உல்லாஸ்நகர்வாசிகளுக்குப் புதிதன்று. 1947ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின் சிந்து மாகாணத்திலிருந்து வந்த அகதிகள், கல்யாணுக்கு அருகே படையினருக்கென அமைக்கப்பட்டிருந்த முகாம்களில் குடியேற்றப்பட்டனர். 1949 ஆகஸ்டு 8ஆம் நாள், அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி இங்கு நகரத்துக்கு அடிக்கல் நாட்டினார். அருகில் ஓடும் உல்லாஸ் நதி பெயரைத் தந்தது. பெயர் வந்தும் எண் போகவில்லை. ஒன்று முதல் ஐந்துவரை முகாம் எண் சொன்னால்தான் இன்றும் ஆட்டோக்காரருக்கு வழி புரிகிறது.

எமது அண்டை வீட்டில் பதினாறு வயதுப் பெண்ணொருத்தி இருக்கிறாள். விட்டல்வாடி நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருக்கையில் அவள் கையில் எப்போதும் ஓர் ஆங்கில நாவல் இருக்கும். அண்மையில் ஒருநாள் மிகுந்த சினத்துடன் எம்மிடம் வந்தாள். "மாமா, மூன்று புத்தகம் முழுக்க ஒரு சர்வாதிகாரியை எதிர்த்துப் போராடிய பெண், கடைசியில் தன் பக்கத்துத் தலைவியையே கொன்றுவிடுகிறாளே! இது என்ன முடிவு?" என்றாள். அவ்வினாவுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

அவள் படித்தது அமெரிக்க எழுத்தாளர் சூசன் காலின்ஸ் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட 'மாக்கிங்ஜே'. 2008இல் 'ஹங்கர் கேம்ஸ்' என்னும் நூலுடன் தொடங்கிய வரிசையின் மூன்றாம் நூல் இது. பானெம் என்பது அதில் வரும் கற்பனை நாடு. உணவும் கேளிக்கையும் கொடுத்து மக்களை வாயடைத்த ரோமாபுரி அரசியலைக் குறிக்கும் லத்தீன் தொடரிலிருந்து எடுத்த பெயர் அது. அந்நாட்டின் பன்னிரண்டு மாவட்டங்களுக்கும் எண்ணே பெயர். ஒவ்வொன்றிலிருந்தும் ஆண்டுதோறும் ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும் தலைநகருக்கு அனுப்பப்படுவர். ஒருவர் எஞ்சும்வரை அந்த இருபத்துநால்வரும் ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். நாடே அதைத் தொலைக்காட்சியில் பார்க்கும்.

நூலின் பெயரைத் தமிழாக்க முயன்று நாம் தோற்றோம் என்பதை மறைப்பதற்கில்லை. கலகக்காரரின் பேச்சை ஒட்டுக்கேட்கத் தலைநகரம் ஆய்வுக்கூடத்தில் ஒருவகை ஆண் பறவையை உண்டாக்குகிறது. சூழ்ச்சியை அறிந்த கலகக்காரர்கள் அதன் முன்னே பொய்களைப் பேசி ஆட்சியாளரை ஏமாற்றுகின்றனர். பயனற்றதென்று காட்டில் கைவிடப்பட்ட அப்பறவை, குரல்களைப் பழகிப் பாடும் வேறொரு பறவையினத்தோடு கலந்து, யாரும் திட்டமிடாத புதிய இனமொன்றைத் தருகிறது. அதிகாரம் செய்த கருவி அதிகாரத்தின் கைமீறிப் போன இக்கதை முழுவதும் அந்தப் பெயருக்குள் அடங்கியிருக்கிறது. 'போலிக்குரல் புள்' என்று எழுதிப் பார்த்து அடித்துவிட்டோம்.

இனி அப்பெண்ணின் வினாவுக்கு வருவோம். முதலிரு நூல்களில் பகைவன் யார் என்பதில் ஐயமில்லை. அவன் அதிபர் ஸ்நோ. மூன்றாம் நூலிலோ, அழிந்துவிட்டதாக எல்லோரும் நம்பிய பதின்மூன்றாம் மாவட்டம் நிலத்தடியில் உயிரோடு இருக்கிறது. அங்கே பசியில்லை, கொலை விளையாட்டுமில்லை. ஆனால் அன்றாட அட்டவணை ஒவ்வொருவர் கையிலும் மையால் பொறிக்கப்படுகிறது. கதாநாயகி காட்னிஸுக்கு உடையுடுத்தி, வசனம் கொடுத்து, படம்பிடித்துப் புரட்சியின் சின்னமாக்குகிறார்கள். தலைநகர் செய்ததும் ஏறக்குறைய இதுவேயன்றோ?

போரின் இறுதியில் தலைநகரக் குழந்தைகள்மீது குண்டுகள் விழுகின்றன. காயமுற்றோரைக் காக்க மருத்துவத் தொண்டர்கள் ஓடிவந்ததும் இரண்டாம் முறை வெடிக்கின்றன. அதில் காட்னிஸின் தங்கையும் மாண்டுபோகிறாள். அத்தங்கைக்காகவே அவள் முதல் நூலில் களம்புகுந்தவள்! குண்டை ஏவியவர் யார் என்பதை நூல் ஐயமற மெய்ப்பிக்கவில்லை. எனினும் விரல் புரட்சித் தலைவி காயினை நோக்கியே நீள்கிறது. வென்றபின் காயின் சொல்லும் யோசனை இன்னும் கொடியது: தலைநகரக் குழந்தைகளை வைத்து இறுதியாக ஒருமுறை அதே விளையாட்டை நடத்துவோம் என்கிறாள். ஸ்நோவைக் கொல்ல நாணேற்றிய அம்பு காயின்மீது பாய்வது இதற்குப் பின்னரே.

காலின்ஸின் தந்தை விமானப்படை அதிகாரி; வியட்நாம் போருக்குச் சென்றவர். போர் முடிந்தபின்னும் வீட்டில் முடியாதிருப்பதை மகள் அறிந்திருப்பார் போலும். முடிவில் மகிழ்ச்சி குறைவென்று குறைகூறுவோருக்கு நாம் உடன்படோம். நம் குறை வேறு: கடைசி அத்தியாயங்களின் வேகம். நெடுநாள் உடன்வந்த பாத்திரங்கள் சில வரிகளில் இறந்துபோகிறார்கள். வாசகருக்கு அழவும் அவகாசமில்லை.

அரியணை காலியானதும் அதில் அமர்வது யார் என்னும் இவ்வினா தமிழுக்குப் புதியதன்று. சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா' என்னும் தொடரில் ஜீவா என்ற சர்வாதிகாரி நாட்டை ஆள்கிறான். மக்களின் பெயர் இரண்டெழுத்தைத் தாண்டலாகாது. பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். இறுதியில் ஜீவா ஆளே அல்லன், ஒளியால் ஆன பிம்பம் என்று தெரிகிறது. அப்பிம்பத்தை அகற்றிய ரவியும் மனோவும் நிலா என்னும் எளிய இல்லத்தரசியை அரசியாக அமர்த்திவிட்டுத் தாம் பின்னிருந்து ஆட்டுவிக்கின்றனர். பிம்பம் போய்ப் பொம்மை வந்ததே மிச்சம். இரண்டாவதும் இறுதியுமான 'மீண்டும் ஜீனோ' தொடங்குவது இங்கேதான். தன் பெயரால் நடக்கும் ஆட்சியை ஐயுறத் தொடங்கும் நிலாவுக்குத் துணைநிற்பது ஜீனோ என்ற இயந்திர நாய். ஆட்சியாளர் செய்த பறவையைப் போலவே ரவி கொண்டுவந்த நாயும் தன் எசமானர் வகுத்த எல்லையைத் தாண்டிச் சிந்திக்கிறது. 'மாக்கிங்ஜே' வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2008இல், சுஜாதா மறைந்துவிட்டார். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்து மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்குகொண்டவர் அவர் என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

இவற்றை எல்லாம் அப்பெண்ணிடம் சொன்னோம். அவள் சமாதானமடையவில்லை, "காயினைச் சிறையில் போட்டிருக்கலாமே" என்றாள். நியாயமான கேள்வி; எம்மிடம் விடையில்லை. ஆங்கிலப் பள்ளியில் படித்ததால் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். எனவே ஞாயிறு மாலைகளில் 'மீண்டும் ஜீனோ'வை நாம் வாசிக்க அவள் கேட்டுவருகிறாள். ஜீனோ பேசும் இடங்களை மட்டும் எம்மிடமிருந்து பிடுங்கித் தானே படிக்கிறாள்.