மாம்புரிக் கரையில் மலை ஏது?

பள்ளிப் பிள்ளை ஒன்றின் கையில் வெள்ளைத் தாளையும் வண்ணக் குச்சிகளையும் கொடுத்து, “ஓர் இயற்கைக் காட்சி வரை” என்று சொல்லிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் படம் முடிந்துவிடும். முக்கோண மலைகள் இரண்டு. அவற்றின் நடுவே பாதிச் சூரியன். மலையடியிலிருந்து வளைந்து வரும் ஓர் ஆறு. ஆற்றங்கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை. வானத்தில் நாலைந்து பறவைகள். கொழும்பிலும் இதே படந்தான். மதுரையிலும் இதே படந்தான். நாமும் சிறு வயதில் இதையே வரைந்து, “கெட்டிக்காரன்” என்று பாராட்டும் பெற்றோம்.

இதே படத்தை மாம்புரியிலும் கண்டபோதுதான் நம் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது.

மாம்புரி புத்தளம் மாவட்டத்துக் கடலோரச் சிற்றூர். பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் சாலையில், தலவில் புனித அன்னாள் ஆலயத்தை அடையுமுன் அவ்வூர் வரும். மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளம் களப்பு, இடையில் மணற்றரை. தென்னந்தோப்புகளும், கிணற்று நீரால் வளரும் வெங்காயத் தோட்டங்களும், மீனவர் வாடிகளும் நிறைந்த இடம். 2010 முதல் அங்கே காற்றாலைகளும் சுழல்கின்றன. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மலை என்று ஒரு மேடுகூட இல்லை. அந்த ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளை, மலையையும் மலையிலிருந்து இறங்கும் ஆற்றையும் ஏன் வரைய வேண்டும்?

நண்பர் ஒருவரைக் காண அவ்வூருக்குச் சென்றிருந்தோம். அண்டை வீட்டார் கடற்றொழில் செய்யும் குடும்பத்தினர். நாம் கல்லூரியில் கற்பிப்பவர் என்று கேள்வியுற்று, குடும்பத் தலைவர் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். பத்தாந்தரத்துக்குச் செல்ல இருந்த பிள்ளை. விருப்பப் பாடங்களைத் தெரிவு செய்ய வேண்டிய வேளை.

“சேர், இந்தப் பிள்ளை சித்திரந்தான் எடுப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். படம் கீறிச் சோறு தின்ன முடியுமோ? நீங்கள்தான் நாலு புத்தி சொல்ல வேண்டும்” என்றார் அவர்.

நாம் சற்றும் தயங்கவில்லை. “அப்பா சொல்வது சரிதான், பிள்ளை. படம் வரைவதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளலாம், படிப்புக்குப் பயனுள்ள பாடமாகப் பார்த்து எடு” என்று அறிவுரை வழங்கிவிட்டோம். அவள் எதிர்த்து ஒரு சொல்லும் பேசவில்லை. உள்ளே சென்று நான்கு சித்திரக் கொப்பிகளை எடுத்து வந்து நம் முன்னே வைத்துவிட்டு, வாசற்படியில் போய் அமர்ந்துகொண்டாள்.

நான்கு கொப்பிகள்

ஆறாந்தரத்துக் கொப்பியை முதலில் விரித்தோம். பக்கத்துக்குப் பக்கம் மலையும் சூரியனும்! ஏழாந்தரத்துக் கொப்பியின் நடுவில் ஒரு மாற்றம் தெரிந்தது. மலை மறைந்து, பக்கம் முழுவதும் வெறும் மணல். ஓரத்தில் தலைகீழாய்க் கவிழ்த்த ஒரு தோணி. வடிவம் செம்மையாக இல்லை. ஆயினும் அந்தத் தோணி வேறெந்த ஊருக்கும் உரியதன்று. அதன் அடியில் ஒட்டுப்போட்ட இடங்கூட அப்படத்தில் இருந்தது.

“இது எப்படி வந்தது?” என்று கேட்டோம். அவ்வாண்டில் புதிதாக வந்த ஆசிரியை, மலைப் படங்களைப் பார்த்துவிட்டு, “இந்த மலை எங்கே இருக்கிறது? என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவாயா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். பிறகு, “உன் வீட்டு வாசலில் நின்றால் என்ன தெரியும்?” என்றாராம். “ஒன்றும் இல்லை, டீச்சர், மணல்தான்” என்றாளாம் இவள். “அந்த ஒன்றுமில்லாததை வரைந்து வா” என்பதே அன்றைய வீட்டுவேலை!

எட்டாந்தரத்துக் கொப்பியில் வலைகள், கருவாடு காயும் பரண்கள், அம்மாவின் கை. மணலுக்குக் காலையில் ஒரு நிறம், உச்சிப் பொழுதில் வேறொரு நிறம், மழைக்குப் பின் இன்னொரு நிறம். ஒன்பதாந்தரத்தில், மாலை வெளிச்சத்தில் காற்றாலையின் நிழல் வெங்காயப் பாத்திகளைக் குறுக்கறுத்துக் கிடந்தது. நாம் அன்று காலையில் அவ்வழியே வந்திருந்தோம்; ஆனால் அந்த நிழலைக் காணவில்லை. கற்றறிந்தவர் என்று பெயர் பெற்ற நம் கண்ணுக்குத் தென்படாதது, பதினான்கு வயதுப் பிள்ளையின் கண்ணுக்குத் தென்பட்டிருந்தது. சற்று முன் நாம் சொன்ன அறிவுரை நமக்கே கசந்தது.

அகக்கண் திறந்த ஆசிரியை

“கண்ணை மூடிக்கொண்டு, பார்த்ததை மனத்தில் கொண்டு வந்த பிறகே தாளைத் தொட வேண்டும்” என்பது அந்த ஆசிரியையின் விதியாம். அதைக் கேட்டதும் இங்கிலாந்தின் மரியன் ரிச்சர்ட்சன் அம்மையார் நம் நினைவுக்கு வந்தார். 1892இல் பிறந்த அவர், 1912இல் டட்லி என்னும் நகரத்துப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சித்திர ஆசிரியையானார். நிலக்கரியும் இரும்பும் விளைந்த, புகை படிந்த ஊர் அது. அச்சுப் படங்களையும் சாடிகளையும் பார்த்துப் பிரதி செய்வதே சித்திரக் கல்வி என்றிருந்த காலம். அம்மையாரோ மாணவியரைக் கண் மூடச் செய்து, ஒரு காட்சியைச் சொற்களால் விவரிப்பார். அவரவர் அகத்தே தோன்றிய படத்தை அவரவர் வரைய வேண்டும். வரைந்தது நன்றா, குறையா என்று மதிப்பிடும் பொறுப்பையும் மாணவியரிடமே விட்டார்.

1917இல் வேறொரு வேலைக்கான நேர்முகத்துக்காக அவர் இலண்டன் சென்றார்; வேலை கிடைக்கவில்லை. ஆனால் அங்கே குழந்தைகளின் ஓவியக் கண்காட்சி ஒன்றை நடத்திக்கொண்டிருந்த கலை விமரிசகர் ரோஜர் பிரை, அம்மையார் உடன் கொண்டுசென்ற தம் மாணவியரின் படங்களைக் கண்டு வியந்து, அவற்றையும் கண்காட்சியில் சேர்த்துக்கொண்டார். பின்னாளில் அம்மையார் இலண்டன் மாநகரப் பள்ளிகளின் சித்திரப் பரிசோதகராகி, சித்திரக் கல்வியின் போக்கையே மாற்றினார். 1946இல் அவர் மறைந்தார். குழந்தையும் கலையும் பற்றி அவர் எழுதிய நூல், 1948இல் வெளிவந்தது.

நம் நாட்டுச் சித்திர வகுப்புகள்

தொலைதூரம் போவானேன்? இலங்கையிலும் சித்திர வகுப்புகளுக்குப் பெருமைமிக்க வரலாறு உண்டு. 1920களில் இங்கே சித்திரப் பரிசோதகராய் இருந்த சி. எப். வின்சர், பாடசாலைச் சித்திரக் கல்விக்குப் புத்துயிர் ஊட்டினார். அவர் பெயராலேயே 1938இல் யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை ‘வின்சர் ஆர்ட் கிளப்’ என்னும் கலைக்கழகத்தைத் தோற்றுவித்தார். 1943இல் கொழும்பில் உருவாகி, இலங்கை ஓவியத்தைப் புதுவழியில் திருப்பிய ‘43 குழு’வினரிலும் பாடசாலைகளோடு தொடர்புடையவர்கள் இருந்தனர். ஜெப்ரி பெலிங் சித்திரப் பரிசோதகர். ஓப்ரி கொலெட் றோயல் கல்லூரியின் சித்திர ஆசிரியர். றிச்சட் கேப்ரியல் சென் ஜோசப் கல்லூரியில் கற்பித்தவர். தூரிகை பிடித்த கைகளே சுண்ணக்கட்டியும் பிடித்தன.

மாம்புரியைப் போன்றே கடலோரமான குருநகரில் 1933இல் பிறந்தவர் ஓவியர் அ. மாற்கு. கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரியில் பயின்று, வடபுலத்துப் பாடசாலைகளில் நெடுங்காலம் சித்திரம் கற்பித்தார். பாடசாலைக்கு வெளியேயும் அவரைத் தேடி இளைஞர் வந்தனர். இளம்பெண்கள் பலரும் அவரிடம் பயின்று ஓவியராயினர். அவரைச் சிறப்பித்து 1987இல் வெளிவந்த மலரின் பெயர் ‘தேடலும் படைப்புலகமும்’. போரும் இடப்பெயர்வும் அவருடைய படைப்புகள் பலவற்றை விழுங்கின. 2000இல் அவரும் மறைந்தார். ஆயினும் அவர் திறந்துவிட்ட கண்களை எந்தப் போராலும் மூட முடியவில்லை. ஆசிரியரின் ஓவியம் அழியலாம்; மாணாக்கர் கற்ற பார்வை அழிவதில்லை அன்றோ!

தந்தை திருத்திய படம்

மீண்டும் மாம்புரி வாசலுக்கு வருவோம். ஒன்பதாந்தரக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கரைவலை இழுக்கும் காட்சி இருந்தது. அதைத் தந்தையிடம் நீட்டினோம். அவர் அதுவரை அக்கொப்பிகளைத் திறந்து பார்த்ததில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. நெடுநேரம் பார்த்தார். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தோம். “இது பிழை” என்றார்!

பிள்ளையின் முகம் வாடிவிட்டது. அவரோ தொடர்ந்தார்: “வலை இழுக்கிறவன் இப்படி நிமிர்ந்து நிற்க மாட்டான். பின்னுக்குச் சாய்வான், குதிகால் மணலில் புதையும். கயிறு இறுகினால் இப்படித் தொய்ந்து கிடக்காது.” சொன்னதோடு நில்லாமல் எழுந்து, வேலிக் கம்பத்தில் ஒரு கயிற்றைக் கட்டிப் பிடித்து, சாய்ந்து நின்று காட்டினார். பிள்ளை ஓடிவந்து, கரிக்கோலை எடுத்து அங்கேயே அமர்ந்து வரையத் தொடங்கினாள். அவள் வரைந்து முடிக்கும் மட்டும் கயிற்றை விடாமல் நின்றார் அந்த மனிதர்.

நாம் முன்னர் சொன்ன அறிவுரையை அவ்விடத்திலேயே மீட்டுக்கொண்டோம். “பிள்ளை, நாம் பாராமற் சொல்லிவிட்டோம். நீ சித்திரமே எடு” என்றோம். தந்தையும் மறுக்கவில்லை. “கணக்கையும் விடக்கூடாது” என்று மட்டும் சொன்னார். அது நியாயமான நிபந்தனைதான்!

அப்பிள்ளை நாளை ஓவியராவாளா, நாம் அறியோம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கொழும்பிலும் கட்புலக் கலைகளைப் பல்கலைக்கழகத்தில் பயில இன்று வழி உண்டு. ஆசிரியத் தொழிலுக்கும் வடிவமைப்புத் தொழிலுக்கும் சித்திரம் துணையாகும். ஆயினும் சித்திர வகுப்பின் பயனை உத்தியோகத்தைக் கொண்டு மட்டும் அளப்பது சரியன்று. பிறர் தந்த மலையை விட்டுத் தன் ஊர் மணலைத் தன் கண்ணாற் காண ஒரு பிள்ளை கற்றுக்கொண்டாள். அப்படிக் காணப் பழகியவள் எத்தொழில் செய்தாலும், பிறர் சொன்னதை அப்படியே ஒப்பிக்க மாட்டாள்.

பெற்றோர்களே, இன்று ஞாயிற்றுக்கிழமை. உங்கள் பிள்ளையின் சித்திரக் கொப்பியை எடுத்து ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அதில் மலையும் சூரியனும் இருந்தால் கடிந்துகொள்ள வேண்டாம். “இந்த மலை எங்கே இருக்கிறது?” என்று அன்போடு கேளுங்கள். பிறகு வாசலுக்கு அழைத்துச் சென்று, அங்கே என்ன தெரிகிறது என்று இருவருமாகப் பாருங்கள்.