இரயிலுக்குப் போகும் பேருந்தில் நம் மூட்டை முடிச்சுகள்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி)

இரயில் பயணத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுவோர் பெரும்பாலும் சன்னலோர இருக்கையிலிருந்துதான் தொடங்குவார்கள். மரங்களும் வயல்களும் பின்னோக்கி ஓடும் அழகை வருணிப்பார்கள். நம் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வாழ்பவர்களுக்கோ இரயில் பயணம் பேருந்து நிறுத்தத்தில் தொடங்கிப் பேருந்து நிறுத்தத்தில்தான் முடிகிறது. பாகூரில் இருப்புப்பாதையே இல்லை. வில்லியனூரில் நிலையம் உண்டு. ஆனால் மதுரைக்கும் நெல்லைக்கும் நாகர்கோவிலுக்கும் நாள்தோறும் செல்லும் இரவு வண்டிகள் அங்கு வருவதில்லை. அவற்றைப் பிடிக்க விழுப்புரம் போக வேண்டும். ஆகவே நம் பெட்டிகள் ஒரு முறைக்கு இரு முறை ஏறி இறங்குகின்றன. ஆள் ஏறி இறங்குவது ஒன்றும் பெரிய வேலையன்று. மூட்டை ஏறி இறங்குவதுதான் வேலை. விடுமுறைக்கு ஊர் செல்லும் விடுதித் தோழியருக்கும் பயன்படும் என்பதால் இதைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

முதலில் நம் பாதையின் கதையைச் சிறிது பார்ப்போம். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879-ஆம் ஆண்டில் மீட்டர் பாதை போடப்பட்டது. நீளம் ஏறத்தாழ 38 கிலோமீட்டர். வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் ஆகியவை வழியில் உள்ள நிலையங்கள். 1954 நவம்பர் 1-ஆம் நாள் வரை இந்தப் பாதை பிரெஞ்சு எல்லையைக் கடந்து சென்றது என்பதை நினைத்துப் பாருங்கள். பெட்டியைத் தூக்குவதோடு மட்டுமன்றி, சுங்க அதிகாரியிடம் அதைத் திறந்தும் காட்ட வேண்டியிருந்த காலம் அது! இப்பாதை 2004-இல் அகலப்பாதையாக மாறியது. வழியிலுள்ள சிறு நிலையங்களில் எல்லா விரைவு வண்டிகளும் நிற்பதில்லை. நேரம் பொருந்தினால் வில்லியனூரிலிருந்து விழுப்புரத்துக்கு இரயிலிலேயே போகலாம். பொருந்தாவிட்டால் கண்டமங்கலம், வளவனூர் வழியாகப் பேருந்துதான்.

பாகூர்ப் பகுதியினருக்கு வேறொரு வழி இருக்கிறது. தென்பெண்ணையாற்றைக் கடந்தால் கடலூர். அங்கே ஒரே நகரத்தில் இரண்டு நிலையங்கள் உள்ளன. திருப்பாதிரிப்புலியூர் நிலையம் கடலூர்ப் பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. கடலூர் துறைமுகம் சந்திப்போ முதுநகரில், சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பயணச்சீட்டில் 'கடலூர்' என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பாதிரிப்புலியூரில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தால் என்னவாகும்? கையில் ஒரு பை மட்டும் இருந்தால் ஓடிப்போய் ஆட்டோ பிடிக்கலாம். இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பத்தையும் பாட்டியையும் வைத்துக்கொண்டு ஓட முடியுமா? ஆகவே சீட்டில் அச்சிட்டிருக்கும் நிலையத்தின் பெயரை முழுவதும் படிக்க வேண்டும். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் போகிறவர்களுக்குக் கடலூர் வழியே நல்லது. விழுப்புரத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே 2006-ஆம் ஆண்டின் இறுதியில் மீட்டர் பாதையை மூடி, 2010-இல் அகலப்பாதையாகத் திறந்தார்கள். நடுவே இருந்த அந்த ஆண்டுகளில் கடலூர் மக்களும் நம்மைப் போலப் பேருந்தில் பெட்டி தூக்கியவர்களே.

விழுப்புரத்தில் வேறு விதமான தொல்லை. புதிய பேருந்து நிலையம் ஓரிடம், இரயில் சந்திப்பு வேறிடம். வெறுங்கையோடு நடக்கலாம், சுமையோடு நடக்கும் தூரமன்று. 'விழுப்புரம் ஒரு டிக்கெட்' என்று கேட்டு வாங்கினால் நம் கணக்கில் அது இரயில் நிலையம், நடத்துநர் கணக்கில் அது பேருந்து நிலையம். ஏறும்போதே 'ஸ்டேஷன் பக்கம் நிற்குமா அண்ணா?' என்று கேட்டுவிடுவது நல்லது. புதுச்சேரியிலும் இதே நிலைதான். இரயில் நிலையம் தெற்கே திரு இருதய ஆண்டவர் பேராலயத்துக்கு அருகில்; பேருந்து நிலையமோ மறைமலை அடிகள் சாலையில். இந்த இடைத்தூரத்துக்கு ஆட்டோக் கட்டணத்தையும், குறைந்தது அரை மணி நேரத்தையும் கணக்கில் சேர்த்தே வீட்டிலிருந்து புறப்பட வேண்டும்.

இப்போது கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பேருந்துச் சீட்டும் இரயில் சீட்டும் ஒன்றையொன்று அறியாத இரண்டு காகிதங்கள். எங்கள் பெரியம்மாவின் மகளுக்கு நாகர்கோவிலில் ஒரு வேலைக்காகச் சான்றிதழ் சரிபார்க்க அழைப்பு வந்திருந்தது. காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அசல் சான்றிதழ்கள் அனைத்தும் டிரங்குப் பெட்டியில் இருந்தன. வில்லியனூரில் ஏறிய ஒரு பேருந்தில் பெட்டியைப் பின்புற டிக்கியில் வைக்கச் சொன்னார்கள். வழியில் அதன் மேல் வாழையிலைக் கட்டுகள் ஏறின. காய்கறி மூட்டைகள் ஏறின. விழுப்புரம் வந்ததும் எல்லாவற்றையும் இறக்கி, கடைசியில் பெட்டி வெளியே வந்தது. சந்திப்பை அடைந்தபோது வண்டியின் பின்விளக்குதான் தெரிந்ததாம். அடுத்த வண்டியில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறினார்கள். மதுரை வரை அந்த டிரங்குப் பெட்டிதான் அக்காவுக்கு நாற்காலி. மறுநாள் பன்னிரண்டரை மணிக்குப் போய் நின்றாள். நல்ல வேளையாக, வராதவர்களின் பெயர்களைக் கடைசியில் மறுபடியும் கூப்பிட்டார்கள், வேலையும் கிடைத்தது. ஆனால் முதல் வண்டிக்குக் கட்டிய பணம் போனது போனதுதான்.

ஏன் திரும்பவில்லை? முதல் இரயில் தாமதமாக வந்ததால் அடுத்த இரயிலைத் தவறவிட்டால், விதிப்படி பயணம் செய்யாத பகுதிக்கு உரிய பணத்தைக் கேட்கலாம். இரண்டு இரயில் முன்பதிவுகளை ஒன்றோடொன்று இணைக்கும் வசதியும் 2019 ஏப்ரல் முதல் உள்ளது. பேருந்து தாமதத்துக்கு இந்த விதி பொருந்தாது. இரயில்வேயைப் பொறுத்தவரை நாம் நேரத்துக்கு வரவில்லை, அவ்வளவே. இது சற்றுக் கொடுமையாகத் தோன்றினாலும், சாலையில் நடப்பதற்கு இருப்புப்பாதைக்காரர் எப்படிப் பொறுப்பேற்பார் என்று அப்பா கேட்கிறார். அதுவும் நியாயமாகத்தான் படுகிறது.

ஆனால் ஒரே சீட்டில் இரண்டு வகை வண்டிகளை இணைப்பது நடக்காத காரியமன்று. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையில் வாங்கிய ஒரே சீட்டில் கொழும்பு வரை போக முடிந்தது. தனுஷ்கோடி வரை இரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், பிறகு மீண்டும் இரயில். அதனால்தான் அந்த வண்டிக்குப் 'போட் மெயில்' என்று பெயர். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பெயர் மட்டும் இராமேசுவரம் வண்டியில் இன்னும் வாழ்கிறது. சுவிட்சர்லாந்தில் மலைக் கிராமங்களுக்குச் செல்லும் மஞ்சள் நிற அஞ்சல் பேருந்துகள் இரயில் வரும் நேரத்தை ஒட்டி நிலைய வாசலில் காத்து நிற்கின்றன. இரயில், பேருந்து, ஏரிப் படகு மூன்றுக்கும் ஒரே சீட்டு செல்லும். 1982 முதல் அந்நாட்டு இரயில்கள் மணிக்கணக்குத் தவறாத ஒரே ஒழுங்கில் ஓடுவதால் இது எளிதாயிற்று. விழுப்புரத்துச் சந்திப்பின் வாசலில் பாகூர் என்ற பலகையோடு ஒரு பேருந்து காத்திருந்தால் எப்படி இருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

சரி, எவ்வளவு சுமை கொண்டு போகலாம்? இரயிலில் இதற்குத் தெளிவான கணக்கு உண்டு. இரண்டாம் வகுப்பில் ஒருவருக்கு 35 கிலோ இலவசம். படுக்கை வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியிலும் 40 கிலோ. இரண்டடுக்குக் குளிர்சாதனத்தில் 50. முதல் வகுப்புக் குளிர்சாதனத்தில் 70. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பாதி. எனவே படுக்கைப் பெட்டியில் போகும் அப்பா, அம்மா, பத்து வயதுத் தம்பி மூவருக்கும் சேர்த்து நூறு கிலோ வரும். பாகூரைப் புதுவையின் நெற்களஞ்சியம் என்பார்கள் அல்லவா? அறுவடை முடிந்து உறவினர் வீட்டுக்குப் புது அரிசி கொண்டு போகிறவர்கள் இக்கணக்கை மனத்தில் வைக்கலாம். இதற்கு மேல் பத்துக் கிலோ வரை கூடினால் ஒன்றரை மடங்குக் கட்டணம். அதையும் தாண்டிய சுமையைப் பதிவு செய்யாமல் ஏற்றிப் பிடிபட்டால், இலவச அளவுக்கு மேற்பட்ட எடைக்கு ஆறு மடங்கு! எடை மட்டுமன்றி அளவும் உண்டு. சாதாரணமாக நூறு சென்டிமீட்டர் நீளம், அறுபது அகலம், இருபத்தைந்து உயரத்துக்கு மேற்பட்ட பெட்டியைப் பயணிகள் பெட்டியில் வைக்கக்கூடாது. அதைச் சரக்குப் பெட்டியில் அனுப்ப வேண்டும். அப்படி அனுப்ப, வண்டி புறப்படுவதற்கு அரை மணிக்கு முன்பாவது லக்கேஜ் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். ஆக, பேருந்து இன்னும் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும்.

பேருந்தில் கணக்கு நடத்துநரின் கண்ணில் இருக்கிறது. மடியில் அடங்கும் பைக்கு ஒன்றும் கேட்பதில்லை. சிப்பத்துக்கு லக்கேஜ் டிக்கெட் போடுவார். போட்டால் முகம் சுளிக்காமல் வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். பழைய பேருந்துகளில் பின்னால் ஏணி இருக்கும். கூரை மேல் மூட்டைகளைக் கயிற்றால் கட்டுவார்கள் என்று பாட்டி சொல்வார்கள். மழை வந்தால் படுக்கை நனைந்துவிடுமாம். இப்போது டிக்கிதான். டிக்கியில் வைப்பதற்குச் சில முறைகள் உண்டு. நாம் இறங்குமிடத்தைச் சொல்லி, பெட்டியைக் கதவோரமாக வைக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிக்கி திறக்கும் ஓசை கேட்டால் ஒருவர் சன்னல் வழியே எட்டிப் பார்க்க வேண்டும். ஒரே நிறப் பைகள் நிறைய இருப்பதால், கைப்பிடியில் ஒரு வண்ணத் துணியைக் கட்டிவிடலாம். பெயரும் ஊரும் எழுதிய சீட்டைப் பெட்டியின் வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக வைக்க வேண்டும். வெளிச்சீட்டு கிழிந்து போகும்.

எல்லாவற்றையும் விட முக்கியமாக, சான்றிதழ், மருந்து, கண்ணாடி, பணம், பயணச்சீட்டு, ஒரு வேளை உணவு ஆகியவை தோளில் மாட்டும் பையில் இருக்க வேண்டும். அந்தப் பை டிக்கிக்கும் போகக்கூடாது, மேல்தட்டுக்கும் போகக்கூடாது. ஒரே பெரிய மூட்டையைவிட இரண்டு நடுத்தரப் பைகள் மேல். பேருந்துப் படி உயரம். ஒரு கையால் கம்பியைப் பிடிக்க வேண்டுமே! பண்ருட்டிப் பலாப்பழத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு போகிறவர்களைத் தடுக்க எனக்கு மனம் வராது. ஆனால் பழுத்ததை விட்டுக் காயாகக் கொண்டு போனால் உடன் பயணம் செய்பவர்கள் வாழ்த்துவார்கள். மண்ணெண்ணெய், எரிவாயு உருளை, பட்டாசு போன்றவற்றை இரயிலில் கொண்டு செல்வது குற்றம்.

சந்திப்பை அடைந்ததும் சுமை தூக்க ஆள் வேண்டுமானால் சிவப்புச் சட்டை அணிந்த போர்ட்டர்கள் இருப்பார்கள். 2016 முதல் இவர்களுக்குச் 'சகாயக்' என்று பெயர். கையில் கட்டியுள்ள வில்லையின் எண்ணைப் பார்த்துக்கொண்டு, கூலியை முதலிலேயே பேசிவிட வேண்டும். நேரம் நிறைய இருந்தால் பெரிய நிலையங்களில் பொருட்காப்பு அறை உண்டு. அங்கே பூட்டில்லாத பையை ஏற்கமாட்டார்கள்; பயணச்சீட்டையும் காட்ட வேண்டும். சிறு நிலையங்களில் இதை எதிர்பார்க்க முடியாது. வண்டியில் ஏறியபின் கீழ்ப்படுக்கையின் அடியில் உள்ள வளையத்தில் சங்கிலி போட்டுப் பூட்ட வேண்டும். 1989-ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம், 100-ஆம் பிரிவின்படி, நம் கைவசம் வைத்துக்கொள்ளும் பொருள் காணாமற்போனால் இரயில்வேயின் அலட்சியம் என்று நிரூபித்தால்தான் இழப்பீடு. நிரூபிப்பதைவிடச் சங்கிலி மலிவு. ஏதேனும் காணாமற்போனால் ஓடும் வண்டியிலிருந்தே 139 என்ற எண்ணுக்குச் சொல்லலாம்.

மழைக்காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. டிசம்பர் 2-ஆம் நாள் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தில் நீர் ஏறியதால் இரயில்கள் நிறுத்தப்பட்டன. அத்தகைய நாளில் வண்டி ஓடுகிறதா என்று வீட்டிலேயே விசாரித்துவிட்டுத்தான் மூட்டையைத் தூக்க வேண்டும். இரயில்வேயே வண்டியை இரத்து செய்தால் முழுப்பணமும் திரும்பும்.

திரும்பி வரும்போது தெற்கிலிருந்து வரும் வண்டிகள் பல விழுப்புரத்தில் நிற்பது விடியுமுன். நிறுத்தம் சில நிமிடங்களே. முந்தைய நிலையம் கடந்ததுமே சங்கிலியைக் கழற்றி, பைகளைக் கதவுப் பக்கம் நகர்த்தி, எத்தனை உருப்படி என்று எண்ணிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அந்த எண்ணிக்கையைச் சொல்வது தம்பியின் வேலை. இறங்கியதும் ஒரு முறை, ஆட்டோவில் ஒரு முறை, பேருந்தில் ஒரு முறை எண்ணுவான். இருட்டில் சாலையோரம் நிற்பதைவிட, முதல் பேருந்து வரும் வரை பெண்கள் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருப்பது நல்லது. வளவனூர் தாண்டும்போது பொழுது புலரும். கண்டமங்கலத்தில் பால்காரர்கள் கேன்களோடு ஏறுவார்கள். அவர்களுக்கு இடம்விட்டு நம் பைகளைக் காலடியில் இழுத்துக்கொள்ள வேண்டும்.